வேறு நாயைப் பார்த்தால் இழுக்கும் நாய்: சிதம்பரம் தெருக்களில் ஏழு மாதக் குறிப்புகள்

போன வருஷம் ஆடி மாசக் கடைசியில், கடலூர் புதுப்பாளையத்தில், எங்கள் வீட்டுத் தெருமுனையில் அம்மா விழுந்தார். காலை ஆறு மணி. கையில் பாண்டியின் சங்கிலி. எதிரே இரண்டு தெருநாய்கள் வந்தன, பாண்டி பாய்ந்தான். சங்கிலியை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றி வைத்திருந்ததால் அம்மாவால் அதை விடவும் முடியவில்லை. வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு.

பாண்டி சாதாரண நாட்டு நாய். பாண்டிச்சேரி ரோட்டோரம் ஒரு மழை நாளில் குட்டியாகக் கிடைத்தான், அதனால் அந்தப் பேர். வீட்டுக்குள் பூனை மாதிரி இருப்பான். அப்பா போன பிறகு அம்மாவுக்கு அந்த வீட்டில் பேச்சுத்துணை அவன்தான். வாசலைத் தாண்டி இன்னொரு நாயைக் கண்டால் மட்டும் வேறு ஆள்.

மாமா தீர்ப்பே சொல்லிவிட்டார். "எங்கயாவது முந்திரித் தோப்புல கொண்டு போய் விட்டுடுடா. அக்காவுக்கு வயசு என்ன ஆவுது?" டிவியிலும் அந்த வாரம் முழுக்க நாய் பேச்சுத்தான். ஆகஸ்ட் 11ஆம் தேதி, டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருந்தது. 22ஆம் தேதி வேறு அமர்வு அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடக்கூடாது என்றது. அதற்குள் மாமா பாண்டியை "கேஸ் உள்ள நாய்" என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

தோப்பில் விட்ட வீட்டு நாய் எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஆவணி முதல் வாரம் ஒரு ஆம்னி வேன் பிடித்து, சிதம்பரத்தில் வடக்கு வீதிக்குப் பின்னால் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கு அவனைக் கூட்டி வந்துவிட்டேன். அம்மாவிடம் மாசி வரைக்கும் அவகாசம் கேட்டேன். அதற்குள் மாறினால் அவன் கடலூர் திரும்புவான். மாறாவிட்டால் என்ன என்பதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

இது அந்த ஏழு மாதத்தின் குறிப்பு. நான் நாய்ப் பயிற்சியாளன் இல்லை. படித்துப் பார்த்து, செய்து பார்த்து, பாதி தப்பாகச் செய்தவன்.

முதலில் படித்ததைச் சொல்கிறேன். இந்த விஷயத்துக்கான வெளிநாட்டுப் புத்தகங்கள் எல்லாமே ஒரு காட்சியை மனதில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. அகலமான நடைபாதை, எதிரே ஒரு அம்மணி தன் நாயைப் பெல்ட்டில் பிடித்து வருகிறார், நீங்கள் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறீர்கள். எதிரே வரும் நாய் அங்கே வழிப்போக்கன். நம்ம ஊரில் கதை தலைகீழ். தெருநாய்தான் அங்கே குடித்தனக்காரன். பெல்ட் கட்டிப் போகிற நம் நாய்தான் வழிப்போக்கன். பாண்டி நாலு வீடு தாண்டினால் இன்னொருத்தர் வாசலில் நிற்கிறான். அதுவும் தப்பித்து ஓட முடியாதபடி கழுத்தில் சங்கிலியோடு.

இதை உணர்ந்த பிறகுதான் என் கேள்வியே மாறியது. "வேற நாயைப் பார்க்காம என்னையே பார்க்க வைக்கறது எப்படி" என்றுதான் தொடங்கினேன். அது அநியாயமான எதிர்பார்ப்பு. நாலு பேர் முறைத்துக்கொண்டு நிற்கிற தெருவில் யாரையும் பார்க்காமல் நட என்று யாராவது நம்மிடம் சொன்னால் நடப்போமா? பார்க்கட்டும். பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி வரட்டும். அவ்வளவுதான் கேட்க முடியும். கவனம் என்று நான் இங்கே சொல்வது அந்தத் திரும்பலைத்தான்.

சங்கிலி விஷயத்தை முதலிலேயே முடித்துவிடுகிறேன். கழுத்துப் பட்டையில் இரும்புச் சங்கிலி மாட்டி இழுத்துப் பிடித்தால் நாயின் தலை மேலே போகும், நெஞ்சு முன்னால் வரும், முன்னங்கால் லேசாகத் தூக்கும். அவன் பயந்துபோய் இருந்தாலும், எதிரே நிற்கிற நாய்க்கு அது "வாடா பார்க்கலாம்" என்கிற தோரணையாகத்தான் தெரியும். நாய்கள் தாமாகச் சந்திக்கும்போது நேராக முட்டிக்கொள்வதில்லை. வில் மாதிரி வளைந்து, பக்கவாட்டில் வந்து, மண்ணை மோந்து, அப்புறம்தான் நெருங்கும். சங்கிலி அந்த மரியாதையை எல்லாம் கெடுத்துவிடுகிறது. நான் மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸும் ஆறடி நாடா லீஷும் வாங்கினேன். லீஷைக் கையில் சுற்றுவதே இல்லை, மடித்துப் பிடிப்பேன். நாய் இழுத்தால் விட்டுவிடக் கூடிய பிடியாக இருக்க வேண்டும். அம்மாவின் மணிக்கட்டுக்கு இது ஒரு மாதம் முன்னால் தெரிந்திருக்கலாம்.

கம்பி முள் வைத்த பட்டை, கழுத்தை இறுக்கும் சங்கிலி இவற்றைச் சிபாரிசு செய்யாத ஆளே இல்லை. டீக்கடையில் ஒருவர், "ரெண்டு இழுப்பு இழுங்க சார், தானா அடங்கும்" என்றார். அடங்கும்தான். ஆனால் நாயின் பக்கத்தில் இருந்து பாருங்கள்: இன்னொரு நாய் கண்ணில் படும்போதெல்லாம் கழுத்தில் வலி வருகிறது. வலிக்குக் காரணம் அந்த நாய்தான் என்று அவன் கணக்குப் போட்டால் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. போர்ச்சுகலில் ஏழு பயிற்சிப் பள்ளிகளைச் சேர்ந்த 92 நாய்களை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. தண்டித்துப் பழக்கிய நாய்களிடம் பயிற்சி நேரத்தில் பதற்ற அறிகுறிகளும், எச்சிலில் கார்ட்டிசால் ஏற்றமும் அதிகம் இருந்தன.

இனி அடிப்படை. இது நூறு வருஷம் பழைய சரக்கு. பாவ்லோவின் நாய்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். சத்தம் வரும், பிறகு சாப்பாடு வரும், கொஞ்ச நாளில் சத்தத்துக்கே எச்சில் ஊறும். இதைப் பயத்தின் மேல் திருப்பிவிட்டவர் மேரி கவர் ஜோன்ஸ் என்கிற அமெரிக்க உளவியலாளர். 1924இல் அவர் எழுதிய கட்டுரையில் பீட்டர் என்ற சின்னப் பையன் வருகிறான். முயலைக் கண்டால் அலறுவான். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்துவிட்டு, முயலைக் கூண்டோடு அறையின் தூர மூலையில் வைத்தார்கள். அவன் நிம்மதியாகச் சாப்பிடுகிற அளவு தூரம். நாளாக நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்தார்கள். கடைசியில் முயலை மடியில் வைத்துக்கொண்டான்.

பாண்டிக்கும் இதே வைத்தியம்தான். முயலுக்குப் பதில் தெருநாய், மிட்டாய்க்குப் பதில் கோழி ஈரல். பிராய்லர் கடையில் கால் கிலோ வாங்கி, உப்பில்லாமல் வேகவைத்து, பட்டாணி அளவுக்கு வெட்டி டப்பாவில் போட்டுக்கொள்வேன். கடலூர்க்காரன் என்பதால் முதலில் கருவாடுதான் நினைவுக்கு வந்தது. அதில் உப்பு ரொம்ப அதிகம், நாய்க்கு ஆகாது.

முதல் இரண்டு வாரம் நான் செய்தது முழுத் தப்பு. தூரத்தில் நாய் இருப்பது என் கண்ணில் பட்டதுமே, பாண்டி அதைப் பார்ப்பதற்குள் அவசரமாக ஈரலை எடுத்து அவன் வாயில் திணிப்பேன். திசை திருப்புகிறேனாம். பத்தாம் நாள் டப்பாவைத் திறக்கிற சத்தம் கேட்டதுமே அவன் விறைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான். எங்கே நாய், எங்கே நாய் என்று. சாப்பாடு வந்தால் பின்னாலேயே நாய் வரும் என்று அழகாகக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்! பாவ்லோவில் வரிசைதான் முக்கியம் என்று படித்திருந்தும் கோட்டை விட்டேன்.

சரியான வரிசை இது. அவன் முதலில் நாயைப் பார்க்க வேண்டும். பார்த்த நொடியில் நாக்கால் ஒரு 'டொக்'. அடுத்து ஈரல். நாய் கண்ணில் தெரிகிற வரைக்கும் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும். நாய் மறைந்தால் டப்பா மூடிவிடும். 'டொக்' எதற்கு என்றால், அவன் பேரை நாங்கள் எல்லோரும் கத்திக் கத்தித் தேய்த்துவிட்டோம். "பாண்டி! பாண்டி! டேய் பாண்டி!" என்பது அவனுக்குச் சண்டை வரப்போகிறது என்பதற்கான அறிவிப்பு. புதுசாக ஒரு சத்தம் வேண்டியிருந்தது. அதைத் தெருவுக்குக் கொண்டுபோகும் முன்னால் வீட்டுக்குள்ளேயே ஒரு வாரம், சத்தம், ஈரல், சத்தம், ஈரல் என்று பழக்கினேன்.

தூரம் எவ்வளவு என்பதை அளக்க ஒரு எளிய வழி உண்டு. அவன் சாப்பிடுகிறானா என்று பாருங்கள். வாயருகே வைத்த ஈரலைக் கூட மோந்து பார்க்காமல் நிற்கிறான் என்றால் மிகக் கிட்டே வந்துவிட்டீர்கள். விரலைச் சேர்த்துக் கடிப்பது போல வெடுக்கென்று பிடுங்கினால் எல்லையில் இருக்கிறீர்கள். வழக்கம்போல நாக்கால் வாங்கினால் சரியான தூரம். பாண்டிக்கு ஆவணியில் அது சுமார் நாற்பது அடி தூரமாக இருந்தது. அதற்குள் போனால் பாடம் எதுவும் ஏறாது. திரும்பி வந்துவிட வேண்டியதுதான்.

நாற்பது அடிக்குச் சந்தில் எங்கே போவது? சிதம்பரத்தில் வீடு எடுத்ததன் அருமை அப்போதுதான் தெரிந்தது. கோயிலைச் சுற்றி இருக்கும் நான்கு வீதிகளும் தேர் ஓடுவதற்கான வீதிகள். நல்ல அகலம். விடிகாலை ஐந்து மணிக்குக் கடைகள் திறக்கும் முன்னால் கீழவீதியில் போனால், எதிர் ஓரத்தில் மூடிய கடை வாசலில் நாய்கள் சுருண்டு கிடக்கும். நாங்கள் இந்த ஓரம். நடராஜர் தரிசனத்துக்குப் போகிறவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள், ஒருத்தன் நாய் முன்னால் நின்று நாக்கைச் சொடுக்கிக்கொண்டு இருக்கிறானே என்று. பூக்கட்டும் அக்கா ஒருவர் மட்டும் தினமும் கேட்பார், "இன்னிக்கு எத்தனை மார்க்குப்பா?"

இந்த இடத்தில் புத்தகங்களில் இல்லாத ஒன்றைச் செய்தேன். செய்ததிலேயே உருப்படியானது இதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பாண்டி இல்லாமல் நான் மட்டும் ஒரு வாரம் அதே நேரத்தில் அதே வழியில் நடந்தேன். நோட்டுப் புத்தகத்தில் படம் போட்டேன். எங்கள் சந்தில் நாலு பேர், எல்லை மின்கம்பம் வரை. அதற்கு அப்பால் மூன்று பேர், அவர்களுக்குத் தலைவி காதில் வெட்டு உள்ள செம்பட்டைக்காரி. (கருத்தடை செய்ததற்கு அடையாளமாகக் காதில் போடும் வெட்டு அது. 2001இன் விதிகளுக்குப் பதிலாக 2023இல் வந்த மத்திய அரசின் விதிகள்படி, கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே திருப்பி விட வேண்டும். ஆகவே அவள் அந்தத் தெருவிலேயே இருப்பவள்.) எந்த வாசலில் யார் மிச்சச் சோறு வைக்கிறார்கள், எத்தனை மணிக்கு, என்பதையும் குறித்தேன். குலைப்பும் துரத்தலும் எல்லைக்கோட்டில்தான் அதிகம், இன்னொன்று சோறு வைக்கும் இடத்தில். அந்த இரண்டையும் விட்டுவிட்டு வழி போட்டால் பாதிச் சண்டை இல்லை.

அந்த ஒரு வாரத்தில் அந்த நாய்களுக்கும் என்னைத் தெரிந்துவிட்டது. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களைப் பல வருஷமாக ஆராய்கிறது. அறிமுகமில்லாத மனிதரிடம் தெருநாய் நம்பிக்கை வைப்பதற்குத் திரும்பத் திரும்பச் சாப்பாடு போடுவதைவிடத் தடவிக்கொடுப்பது அதிகம் வேலை செய்கிறது என்று 2017இல் எழுதினார்கள். நான் தடவவில்லை, அவ்வளவு தைரியம் கிடையாது. ஆனால் நின்று, பக்கவாட்டில் திரும்பி, "என்னம்மா" என்று ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவேன். அடுத்த வாரம் பாண்டியோடு வந்தபோது செம்பட்டைக்காரி எழுந்தாள், பார்த்தாள், என்னைக் கண்டுகொண்டாள், மறுபடி படுத்தாள். பாண்டி 'டொக்'குக்குத் திரும்பினான். பழக்க வேண்டியது என் நாயை மட்டும் இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

சாப்பாடு போடுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு நாள் கூட்டமாக வந்த நாய்களுக்கு முன்னால் பிஸ்கட் பாக்கெட்டை உடைத்துப் போட்டுத் தப்பித்தேன். ரொம்பப் புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். மறுநாள் அதே இடத்தில் ஐந்து பேர் எனக்காகக் காத்திருந்தார்கள். நானே ஒரு புதுச் சோற்று மூலையை உண்டாக்கிவிட்டேன், அதைக் காவல் காக்கவும் ஆள் வந்துவிட்டது.

இன்னொரு வழியும் நமக்கெல்லாம் கை வந்தது. கல் எடுப்பது போலக் குனிவது. கல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எந்தத் தெருநாயும் நாலு அடி பின்வாங்கும். செய்து பார்த்தேன். அவர்கள் போனார்கள். கூடவே பாண்டியும் வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு தரையோடு ஒட்டினான். அவனும் ரோட்டோரத்தில் பிறந்தவன்தானே, கல்லின் அர்த்தம் அவனுக்கும் தெரியும். அதோடு குனிவதை நிறுத்தினேன். இப்போது நாய் கிட்டே வந்தால் நான் நடுவில் புகுந்து நிற்கிறேன், ஓடுவதில்லை, கண்ணைப் பார்த்து முறைப்பதில்லை, "வா போலாம்" என்று சொல்லி வில் போல வளைந்து வந்த வழியே திரும்புகிறேன். இந்த "வா போலாம்" திருப்பத்தையும் எந்த நாயும் இல்லாத மொட்டை மாடியில் ஐம்பது தடவையாவது செய்த பிறகுதான் தெருவில் எடுத்தேன்.

(கடி பட்டால் நாயைப் பற்றி யோசிக்க வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கள். சின்னக் கீறல்தானே என்று விடாதீர்கள். உங்கள் நாய்க்கும் வெறிநோய்த் தடுப்பூசி தவறாமல் இருக்க வேண்டும்.)

புரட்டாசிக் கடைசியில் ஒரு காலை. மேலவீதி. எதிர் ஓரத்தில் ஒரு கறுப்பு நாய் எழுந்து சோம்பல் முறித்தது. பாண்டி பார்த்தான். நான் நாக்கைச் சொடுக்க ஒரு நொடி தாமதித்துவிட்டேன். அவனே திரும்பி என் முகத்தைப் பார்த்தான். எங்கே என் ஈரல் என்று. அதிலிருந்து ஆட்டம் மாறியது. சத்தம் கொடுப்பதை விட்டு, அவனாகத் திரும்புகிற வரை மூன்று நொடி காத்திருந்தேன். திரும்பினால் இரண்டு மூன்று துண்டு. திரும்பாவிட்டால் தூரம் போதவில்லை என்று அர்த்தம், இன்னும் பத்தடி பின்னால் போவோம்.

அப்புறம் தீபாவளி வந்தது. அக்டோபர் 20. வெடிச் சத்தம் அதற்கு முன்னால் நாலு நாள், பின்னால் மூன்று நாள். கட்டிலுக்கு அடியில் இருந்தவனை இழுத்து வந்து நடக்க வைத்ததில் எல்லாம் போயிற்று. அறுபது அடியில் இருந்த நாய்க்குக் குலைத்தான். பயம் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும், ஒரு நாளில் வடியாது. நான் அப்போது செய்திருக்க வேண்டியது பத்து நாள் நடையே வேண்டாம் என்று விட்டு, மாடியில் ஈரலை ஒளித்து வைத்துத் தேட விடுவது. கார்த்திகை மழையில் அதைத்தான் செய்தேன். மழை மாதங்களில் தெருநாய்களும் கூட்டம் கூட்டமாகத் திரிந்தன. போகாமல் இருந்தது நல்லதாயிற்று. மோந்து தேடுவது நாய்க்கு நடையைவிடக் குறைந்த உழைப்பு இல்லை. அரை மணி நேரத்தில் களைத்துத் தூங்கிவிடுவான்.

மார்கழியில் வீதிகளில் விடிகாலைக் கூட்டம், கோலம், ஆருத்ரா தரிசனத் தேர். இடத்தை மாற்றினேன். ரயில்வே லைனைத் தாண்டி அண்ணாமலை நகர். பல்கலைக்கழகப் பக்கம் சாலைகள் நேராக இருக்கும், வெகு தூரத்தில் வரும் நாயைப் பாண்டிக்கு முன்னால் நான் பார்த்துவிட முடியும். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அங்கேதான் நாற்பது அடி பதினைந்து ஆனது. பொங்கலுக்குள் பத்து.

மாசியில் அவனைக் கடலூருக்குக் கூட்டிப் போனேன். தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாசி மகத் தீர்த்தவாரி முடிந்து, கூட்டமெல்லாம் வடிந்த பிறகு. புது ஊர் என்றால் பழகியதில் பாதி மறந்துவிடும் என்று தெரிந்ததால், முதல் நாலு நாள் கடற்கரை அகலத்தில் மறுபடி நாற்பது அடியில் தொடங்கினோம். ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டான்.

மிச்சம் இருந்தது அம்மா. நான் நினைத்ததைவிட இது கஷ்டமாக இருந்தது. மணிக்கட்டு சேர்ந்துவிட்டது, பயம் சேரவில்லை. நாய் தெரிந்ததுமே அம்மாவின் கை லீஷை இறுக்கும். லீஷ் இறுகினால் பாண்டி நிமிர்வான். பீட்டருக்குச் செய்த வைத்தியத்தை இப்போது அம்மாவுக்குச் செய்ய வேண்டியிருந்தது. மஞ்சக்குப்பம் மைதானத்தில் சாயங்காலம், முதலில் லீஷ் என் கையில், அம்மா என் பக்கத்தில், டப்பா மட்டும் அம்மாவிடம். நாலாம் நாள் லீஷ் இரண்டு பேர் கையிலும். ஏழாம் நாள்தான் அம்மா தனியாகப் பிடித்தார், நான் பத்தடி பின்னால்.

நாக்கைச் சொடுக்குவது அம்மாவுக்கு வரவில்லை. பல்செட் தடுக்கிறது. மைதானத்து ஓரத்தில் இரண்டு நாய்கள் விளையாடிக்கொண்டிருந்தன. பாண்டி நின்றான், காது நிமிர்ந்தது. எனக்கு அடிவயிறு கலங்கியது. அம்மா குரலை உயர்த்தாமல், வீட்டுக்குள் பேசுகிற மாதிரியே, "அங்க என்னடா பார்வ?" என்றார். அவன் திரும்பினான். அம்மா ஈரலுக்காக டப்பாவைத் திறக்கத் தடுமாறிக்கொண்டிருந்தார், அவன் உட்கார்ந்து காத்திருந்தான்.

இப்போது அம்மாவின் நடை மைதானம் வரை, வெயில் தாழ்ந்ததும், இருபது நிமிஷம். காலை நடை கிடையாது. அம்மா விழுந்த அந்தத் தெருமுனைப் பக்கம் இருவரும் போவதில்லை. அங்கே இப்போது குட்டி போட்ட தாய் நாய் ஒன்று இருக்கிறது. மாமா போன வாரம் வந்திருந்தார். பாண்டி வாசலில் படுத்திருந்ததைப் பார்த்து, "கேஸ் என்னாச்சு?" என்றார். "வாய்தா வாங்கியிருக்கு" என்றார் அம்மா.